ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஒரு டாக்டர்: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு வழிகாட்டி

பெரும்பாலும் இந்தப் பொறுப்பு ஒரு ஒற்றைப் பக்க ஆணையாகத்தான் கைக்கு வரும். பொது மருத்துவத்திலோ சமூக மருத்துவத்திலோ இருக்கும் ஒருவரிடம் "இனி ஸ்டாஃப் ஹெல்த்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு பிபி மெஷின் கிடைக்கும். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அப்படிப் பொறுப்பேற்கும் ஒருவருக்கு முதல் ஆண்டில் தேவைப்படுபவை இங்கே இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனை ஒன்றை மனத்தில் வைத்து எழுதியது. அரசு மருத்துவமனைக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தவறுதலாகத் தன் கையில் ஊசி குத்திக்கொண்ட நர்ஸ், இரண்டு வாரமாக இருமும் வார்டு பாய், கர்ப்பமான எக்ஸ்ரே டெக்னீஷியன் மூவரும் தாங்களாக வந்து சொன்னால்தான் உங்களால் எதுவும் செய்ய முடியும். சொன்னால் திட்டு விழும், சம்பளம் பிடிப்பார்கள், விஷயம் வெளியே போகும் என்று தோன்றினால் அவர்கள் வரவே மாட்டார்கள். கீழே வரும் ஒவ்வொரு ஏற்பாட்டையும் அந்தப் பயத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று உரசிப் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ். இருந்தால் வேலையைத் தொடங்கலாம். தொழில்சார் மருத்துவத்தில் ஏ.எஃப்.ஐ.எச். என்ற மூன்று மாதப் படிப்பு உண்டு, செய்வது நல்லது. ஆனால் அது தொழிற்சாலைகளை மையமாக வைத்தது. ஆஸ்பத்திரிக்கே உரிய ஊசிக்குத்து, காசநோய், அம்மை போன்றவற்றை உங்கள் தொற்றுத் தடுப்பு நர்ஸிடம்தான் கற்க வேண்டியிருக்கும். அவரோடு முதல் நாளிலிருந்தே சேர்ந்து வேலை செய்யுங்கள்.

முதல் இரண்டு வாரம்: நடங்கள்

கிளினிக்கைத் திறக்கும் முன் கட்டடம் முழுவதையும் நடந்து பாருங்கள். வார்டும் ஐசியுவும் எல்லோருக்கும் தெரியும். யாரும் எட்டிப் பார்க்காத இடங்களுக்குப் போங்கள்: லாண்டரி, கருவிகளைக் கிருமி நீக்கும் சிஎஸ்எஸ்டி, கழிவு சேமிப்பு அறை, பிணவறை, சமையலறை, திசு ஆய்வகம், எண்டாஸ்கோபி கருவி கழுவும் இடம். கழிவுப் பைகள் கட்டப்படுவது பெரும்பாலும் விடியற்காலையில். அந்த நேரத்தில் ஒரு முறையாவது நின்று பார்த்தால், சிவப்புப் பைக்குள் ஊசி கிடப்பதும், லாண்டரித் துணி மூட்டைக்குள் ஸ்கால்பெல் பிளேடு வருவதும் கண்ணில் படும்.

கூடவே ஆள் கணக்கு. மனிதவளத் துறை தரும் பட்டியலில் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஒப்பந்த ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன், பயிற்சி நர்ஸ்கள், ஹவுஸ் சர்ஜன்கள், டயாலிசிஸ் நடத்தும் வெளி நிறுவனத்தின் ஆட்கள் எல்லோரையும் சேர்த்துத் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். "அவங்க எங்க ஸ்டாஃப் இல்லை சார்" என்ற பதில் நிச்சயம் வரும். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளைக் காட்டுங்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கு மட்டுமின்றி, கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும் வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும், ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட தடுப்பூசி போட வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் அந்தப் பெண்ணின் கையில் குத்தும் ஊசி வேறாகிவிடுவதில்லை.

சேரும்போது செய்யும் பரிசோதனை

இதை ஒரு வடிகட்டியாகப் பார்க்காதீர்கள். இவரை இந்த வேலையில் பாதுகாப்பாக வைக்க என்ன தேவை என்பதே கேள்வி. பழைய நோய்கள், ஒவ்வாமை (குறிப்பாக லேட்டக்ஸ் கையுறை), முதுகு வலி, கையில் தோல் அழற்சி, தடுப்பூசி விவரம், காசநோய் வரலாறு, மார்பு எக்ஸ்ரே, ரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வை ஆகியவை போதும்.

எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. 'பேக்கேஜ்' பரிசோதனைப் பட்டியலில் யாரோ எப்போதோ அதைச் சேர்த்திருப்பார்கள்; பொறுப்பேற்ற வாரமே எடுத்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் காரணம் இல்லை. உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கூர்மையான கருவியோடு விரல் போகும் அறுவை சிகிச்சைகளைச் செய்பவருக்கு மட்டும்தான் வைரஸ் அளவு பார்த்துத் தனியாக முடிவெடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஈரல் மருத்துவரிடம் தொடர் கவனிப்பு வேண்டும்.

தடுப்பூசி

ஹெபடைட்டிஸ் பி: 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ், மேல் கைத் தசையில். புட்டத்தில் போட்டால் பலன் குறையும். மூன்றாவது டோஸுக்குப் பின் 1 முதல் 2 மாதத்துக்குள் எதிர்ப்பொருள் அளவு பார்க்க வேண்டும். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் காப்பு வந்துவிட்டது. அந்தத் தாளை ஊழியரிடம் ஒரு நகல், கோப்பில் ஒரு நகல் என்று வையுங்கள். பிற்பாடு அளவு இறங்கினாலும், நோய் எதிர்ப்பு குன்றாதவருக்கு பூஸ்டர் தேவையில்லை. ஆண்டுதோறும் அளவு பார்த்து ஊசி போடுவது பல இடங்களில் நடக்கும் வீண் செலவு. 10க்குக் கீழே இருந்தால் இன்னொரு முழுச் சுற்று போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அவருக்கு ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால் கோப்பின் முகப்பிலேயே 'காப்பு இல்லை' என்று எழுதுங்கள். ஊசிக்குத்து நடக்கும் இரவில் அந்த இரண்டு சொற்கள்தான் உதவும்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: தடுப்பூசி போட்ட சில நாட்களிலேயே எச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம்) பார்ப்பது. தடுப்பூசியில் இருப்பதே அந்தப் புரதம்தான் என்பதால் மூன்று வாரம் வரை பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம். ஒரு மாதம் பொறுக்காமல் பார்த்து, ஒரு குடும்பத்தையே கலங்க வைத்துவிடுவார்கள்.

சின்னம்மை: நம் போன்ற வெப்ப நாடுகளில் சிறு வயதில் சின்னம்மை வராமலே பெரியவரானவர்கள் கணிசம். பயிற்சி நர்ஸ்கள் விடுதியில் ஒருவருக்கு வந்தால் வரிசையாகப் பரவுவது அதனால்தான். "வேரிசெல்லா வந்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "அம்மை போட்டிருக்கா, தண்ணி ஊத்தினாங்களா?" என்று கேட்டால் சரியான பதில் வரும். வராதவருக்கும் உறுதியாகத் தெரியாதவருக்கும் எதிர்ப்பொருள் பார்த்து, இல்லையென்றால் 4 முதல் 8 வார இடைவெளியில் இரண்டு டோஸ். கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது. போட்டுக்கொண்டவர் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசிக்கும் இதே எச்சரிக்கை. இன்ஃப்ளூயன்ஸா ஆண்டுக்கு ஒன்று, டெட்டனஸ் பத்தாண்டுக்கு ஒன்று, சமையலறை ஆட்களுக்கு டைஃபாய்டு.

ஊசிக்குத்து: இரவு 2 மணிக்கும் ஓட வேண்டிய ஏற்பாடு

உங்கள் திறமை அளக்கப்படும் இடம் இது. பகலில் நீங்கள் இருக்கும்போது எல்லாம் சரியாக நடக்கும். ஞாயிறு இரவு என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு.

முதல் சில நிமிடங்கள்: கையுறையைக் கழற்றி, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, ஸ்பிரிட், பிளீச்சிங் எதையும் ஊற்றக் கூடாது. அவை திசுவைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் தண்ணீரோ சலைனோ விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். இந்த நான்கு வரிகளைப் பெரிய எழுத்தில், தமிழில், ஒவ்வொரு கை கழுவும் தொட்டிக்கு மேலும் ஒட்டுங்கள்.

அடுத்து, ஊழியர் நேராக கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும். மேற்பார்வையாளரின் அனுமதி, சம்பவப் படிவம், பில்லிங் எதுவும் முன்னால் நிற்கக் கூடாது. படிவத்தை மறுநாள் நிரப்பலாம். "ஓ.பி. சீட்டு போட்டுட்டு வாங்க" என்ற ஒரே சொல்லுக்குத் தயங்கித் திரும்பிப் போன ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் எத்தனையோ பேர். செலவு முழுவதும் நிர்வாகத்தினுடையது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். மேலே சொன்ன 2017 சட்டம், தொற்று அபாயமுள்ள பணியிடத்தை நடத்துபவர் தடுப்பு மருந்தைத் தரவேண்டும் என்றே சொல்கிறது.

டியூட்டி டாக்டர் பார்க்க வேண்டியவை: உள்ளே துளையுள்ள ஊசியா, தையல் ஊசியா, அதில் ரத்தம் தெரிந்ததா, சிரை அல்லது தமனியில் இருந்த ஊசியா, எவ்வளவு ஆழம், எந்த நோயாளி. அந்த நோயாளியின் சம்மதத்துடன் எச்.ஐ.வி., எச்.பி.எஸ்.ஏ.ஜி., ஹெபடைட்டிஸ் சி மூன்றையும் உடனடிச் சோதனையில் பாருங்கள். ஊழியரின் ரத்தத்திலும் அன்றைய நிலையைப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லையென்றால் பிற்பாடு தொற்று வந்தாலும் வேலையால் வந்தது என்று நிறுவ முடியாது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், தொற்று அபாயமுள்ள மருத்துவப் பணியில் வரும் தொற்றுநோய் தொழில்நோயாகவே இருக்கிறது. அந்த உரிமை இந்த ஒரு ரத்த மாதிரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அபாயத்தை ஊழியருக்கு எண்ணிக்கையாகச் சொல்லுங்கள், பயம் இறங்கும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தமுள்ள ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 1000க்கு 3. ஹெபடைட்டிஸ் சி 100க்கு 2க்கும் கீழே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி 100க்கு 30 வரை போகலாம். எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் நடுங்குவார்கள். அதிகம் தொற்றுவது ஹெபடைட்டிஸ் பி. அதற்குத்தான் கையில் தடுப்பூசியே இருக்கிறது.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் டோஸ் கூடுமானவரை 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் வழிகாட்டுதலில் உள்ளது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 28 நாள். மூன்றும் ஒரே மாத்திரையாகவே கிடைக்கிறது. சோதனை முடிவுக்காக முதல் மாத்திரையை நிறுத்தி வைக்காதீர்கள். நோயாளி நெகட்டிவ் என்று வந்தால் பிறகு நிறுத்திக்கொள்ளலாம்.

தவறு நடப்பது மருந்தறிவில் அல்ல, சாவியில். மாத்திரை மருந்தகத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி பகலில் வருபவரிடம் இருக்கும். ஒருவருக்கு மூன்று நாள் மாத்திரை வீதம் இரண்டு உறைகளை கேஷுவாலிட்டி அவசர மருந்துத் தட்டிலேயே வையுங்கள். காலாவதித் தேதியை மாதம் ஒரு முறை பாருங்கள். மீதி நாட்களுக்கு வழக்கமான மருந்தகத்திலோ அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்திலோ வாங்கலாம். அந்த மையத்தின் தொலைபேசி எண்ணும் உறையின் மேலேயே இருக்கட்டும்.

டோலுடெக்ராவிரைத் தரும்போது இரண்டைக் கேளுங்கள். இரும்புச்சத்து, கால்சியம், ஜெலுசில் போன்றவற்றை உட்கொள்பவர் இந்த மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு அதன் அளவு நாளுக்கு 1 கிராமைத் தாண்டக் கூடாது. டெனோஃபோவிருக்காக, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பாருங்கள்.

ஹெபடைட்டிஸ் பி பக்கம்: காப்பு வந்ததாகத் தாள் இருந்தால் எதுவும் வேண்டாம். தடுப்பூசியே போடாதவருக்கு, நோயாளி பாசிட்டிவ் என்றால், இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலை எதிர்ப்பொருள் ஊசி) முதல் தடுப்பூசியும் வேறு வேறு இடத்தில், 24 மணி நேரத்துக்குள் போடுவது சிறப்பு. 7 நாள் வரை போடலாம். குப்பியின் செறிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மில்லிலிட்டரை மனப்பாடம் செய்யாமல் யூனிட் கணக்கைப் பார்த்து எடுங்கள். இரண்டு சுற்று போட்டும் காப்பு வராதவருக்கு இம்யூனோகுளோபுலின் ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை. ஹெபடைட்டிஸ் சிக்குத் தடுப்பு மருந்து இல்லை. 3 முதல் 6 வாரத்தில் ஆர்.என்.ஏ. சோதனை, 4 முதல் 6 மாதத்தில் எதிர்ப்பொருள். வந்தாலும் இன்று மாத்திரையிலேயே குணமாக்கலாம் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

மூன்றாம் நாளிலும் இரண்டாம் வாரத்திலும் நீங்களே போன் செய்யுங்கள். குமட்டலாலும் தூக்கமின்மையாலும் மாத்திரையை விட்டவர்கள் தாங்களாக வந்து சொல்ல மாட்டார்கள். எச்.ஐ.வி. சோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதம். அதுவரை ரத்ததானம் வேண்டாம், ஆணுறை வேண்டும். வீட்டில் கணவரிடமோ மனைவியிடமோ இதை எப்படிச் சொல்வது என்பதே பலருக்கு ஊசியை விடப் பெரிய பாரம். அதற்கு நேரம் ஒதுக்கி உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக, காரணம். "ஏன் கவனமா இல்லை?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். எந்தக் கருவி, எந்த நொடி, பக்கத்தில் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளைப் பெட்டி இருந்ததா, முக்கால் பங்குக்கு மேல் நிரம்பியிருந்ததா, மூடியைத் திரும்பப் போட்டாரா, அங்கே எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று கேளுங்கள். கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் பெட்டி இல்லாத வார்டில் எந்த வகுப்பும் பலிக்காது.

காசநோய்

நம் நாட்டில் பெரியவர்களில் கணிசமானோருக்குத் தோல் சோதனை பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால், அதை ஆண்டுதோறும் செய்வதில் பெரிய பயன் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான்கே கேள்வி: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் எக்ஸ்ரேயும் சளியில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனையும். சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மீது கூடுதல் கண். உறுதியானால் அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவு கட்டாயம். சாதாரண வகை நுரையீரல் காசநோயில் குறைந்தது இரண்டு வாரம் சிகிச்சை முடிந்து, இருமல் குறைந்து, சளி நெகட்டிவ் ஆன பின் வேலைக்கு வரலாம். கழுத்துக் கட்டி மட்டும் என்றால் பரவாது, வேலையை நிறுத்த வேண்டியதில்லை. அந்த இரண்டு வாரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே விதியாக்குங்கள். சம்பளம் போகும் இடத்தில் இருமல் மறைக்கப்படும்.

ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஜன்னலை அடைத்து ஏசி போட்ட ஓ.பி. அறைதான் உங்கள் பெரிய அபாயம். அங்கே எக்ஸ்ஹாஸ்ட் விசிறி கேளுங்கள்.

என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் போதாது, முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும். தலையுறைக்குள் கசப்பு அல்லது இனிப்புக் கரைசலைத் தெளித்து, தலையைத் திருப்பி, குனிந்து, பேசி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாக ஏழு பயிற்சிகள். சுவை தெரிந்தால் வேறு அளவு, வேறு கம்பெனி. தாடி இருந்தால் எதுவும் பொருந்தாது. கீழ்ப் பட்டையை மாட்டாமல் கழுத்தில் தொங்கவிடுவதை ஒவ்வொரு வார்டிலும் பார்ப்பீர்கள். அந்த முகக்கவசம் வெறும் துணிதான்.

வார்டில் அம்மை, தட்டம்மை

நோயாளிக்குச் சின்னம்மை என்று தெரிந்த அன்றே, யார் யார் அவரிடம் போனார்கள் என்று பட்டியல் எடுங்கள். காப்பு இல்லாதவருக்கு 3 முதல் 5 நாளுக்குள் தடுப்பூசி போடலாம். அவரை முதல் தொடர்பிலிருந்து 8ஆம் நாள் முதல் கடைசித் தொடர்பின் 21ஆம் நாள் வரை நோயாளிகளிடமிருந்து விலக்கி வையுங்கள். தட்டம்மை என்றால் 5 முதல் 21 நாள். காப்பு இல்லாத கர்ப்பிணியை அன்றே மகப்பேறு மருத்துவரிடம் பேசி அனுப்புங்கள். நோய் வந்தவர், கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே திரும்பலாம். வேப்பிலை வைத்து வீட்டிலேயே இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வேலைக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. நம்பிக்கையைக் குறை சொல்லாமல், நாள் கணக்கை மட்டும் பேசுங்கள்.

கதிர்வீச்சு, ரசாயனம், முதுகு

கதிர்வீச்சு பேட்ஜை மார்பு உயரத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். ஏப்ரனிலேயே குத்தி அறையில் மாட்டிவிட்டுப் போனால், பேட்ஜ் ஆளில்லாத டோஸைப் பதியும். அணியாத டாக்டரின் அறிக்கையோ எப்போதும் சுத்தமாக வரும். இரண்டும் ஆபத்து. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30க்கு மேல் கூடாது. கர்ப்பத்தைத் தெரிவித்தபின் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். அதைத் தெரிவிப்பவர் பணியிட மாற்றத்தால் படிக்காசை இழக்கக் கூடாது. இழந்தால் ஐந்தாம் மாதம் வரை சொல்ல மாட்டார்.

புற்றுநோய் மருந்தை நர்ஸ் மேசையில் தட்டு வைத்துக் கலக்குவதைப் பார்த்தால் அன்றே நிறுத்துங்கள். அதற்கென்ற பாதுகாப்புப் பெட்டகம், இரட்டைக் கையுறை, முழுக்கை கவுன் வேண்டும். எண்டாஸ்கோபி அறையில் கண் எரிகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு ஆவியைச் சந்தேகியுங்கள்.

முதுகு வலிக்கு 'லைட் டியூட்டி' என்று எழுதாதீர்கள். வார்டு பொறுப்பாளருக்கு அது எதையும் சொல்லாது. "10 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், நோயாளியைத் தனியாகப் புரட்ட வேண்டாம், இரண்டு வாரம், பிறகு மறுபரிசோதனை" என்று எழுதுங்கள்.

ரகசியம்

ஊழியர் கோப்பு பொதுக் கணினியில் எல்லோரும் திறக்கும்படி இருக்கக் கூடாது. மனிதவளத் துறைக்குப் போக வேண்டியது மூன்றில் ஒன்று: தகுதி, இன்ன கட்டுப்பாட்டுடன் தகுதி, தற்காலிகமாகத் தகுதியில்லை. நோயின் பெயர் போகாது. "அந்தப் பொண்ணுக்கு என்ன சார்?" என்று நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் நல்லெண்ணத்தோடுதான் கேட்பார். "வேலையில் என்ன மாற்றம் வேண்டும் என்பதைச் சொல்லியிருக்கிறேன் மேடம், அதற்கு மேல் அவர்தான் சொல்ல வேண்டும்" என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஒரு முறை நழுவினால் கேன்டீன் வரை தெரிந்துவிடும், அதன்பின் உங்கள் அறைக்கு யாரும் வரமாட்டார்கள்.

நோயாளியின் உறவினர் தாக்கிய ஊழியர் வந்தால் காயத்தை முறையாகப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் இதற்கென 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புகாரை அந்த நர்ஸ் தனியாகப் போய்க் கொடுக்கும்படி விடாமல், நிறுவனமே கொடுக்க வேண்டும். தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து வருபவர் உள்ளூர் மனநல மருத்துவரிடம் போகக் கூச்சப்பட்டால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416ஐக் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம்.

கணக்கு

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொற்றுத் தடுப்புக் குழுவில் பெயரில்லாமல் எண்களை வையுங்கள்: ஊசிக்குத்து எத்தனை, எந்த இடம், எந்தக் கருவி, முதல் மாத்திரைக்கு எத்தனை மணி நேரம் ஆனது, ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸும் முடித்தவர் நூற்றுக்கு எத்தனை பேர், அதில் ஒப்பந்தப் பணியாளர் எத்தனை. முதல் ஆண்டில் ஊசிக்குத்து எண்ணிக்கை ஏறும். முன்பு மறைத்தவர்கள் இப்போது சொல்கிறார்கள் என்பதே காரணம். இதை நிர்வாகத்திடம் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், வரைபடம் ஏறுவதைப் பார்த்த யாராவது ஒருவர் 'குறைவாக ஊசிக்குத்து நடந்த வார்டுக்குப் பரிசு' என்று அறிவிப்பார், மறு மாதமே எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிடும்.